மைக்கில் விழுந்த வயிறு

குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து புத்தகங்களை வாசித்துக் கொடுப்பேன். பதினெட்டு வருடத்தில் என் இருமல்கூட யார் காதிலும் விழுந்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் வயிறு என் மானத்தை வாங்க ஆரம்பித்தது. கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கு எரிந்ததும் கடமுடாவென்று உருளும். மைக்கைப் போலக் கோள்மூட்டி உலகத்தில் கிடையாது.

ஒலிப்பதிவாளருக்குக் கூடத்தில் வாசிக்கும் நாங்கள் வைத்த பெயர் காது. "மேடம், உங்க வயிறு மறுபடியும் சொந்தமா ஒரு வரி சேத்துடுச்சு" என்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா ஐம்பத்திரண்டு வயதில் குடல் புற்றுநோயில் போனார். அவருக்கும் முதலில் வெறும் வயிற்றுக் கோளாறுதான். அவருடைய மூக்கும் முன்கோபமும் எனக்கும் அக்காவுக்கும் அப்படியே வந்திருக்கின்றன. கூடவே இதுவும் வந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டவள் அக்கா, என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத் தினமும் போன் செய்வாள்.

"வயிறு எப்படிடி இருக்கு?"

"இருக்கு."

"ரத்தம் கித்தம் போகுதா?"

"இல்லக்கா."

"மறைக்காம சொல்லு. அப்பாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

எட்டு வாரம் இதே பாட்டு.

டாக்டர் என்ன சாப்பிடுகிறேன் என்று எழுதி வரச் சொன்னார். பாலை நிறுத்தினேன், பருப்பை நிறுத்தினேன், பட்டினிகூடக் கிடந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் காதுதான் ஒரு தாளை நீட்டினார். பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒவ்வொரு உருளலுக்கும் தேதியும் நேரமும் குறித்து வைப்பது அவருடைய வேலை முறை.

"சாப்பாட்ட விடுங்க மேடம். இந்த அஞ்சு நாள் சத்தமே இல்ல, பாருங்க. அப்ப என்ன பண்ணீங்க?"

யோசித்தேன். அந்த ஐந்து நாளும் என் போன் பழுதாகிக் கடையில் கிடந்தது.

அப்பாவின் கதையைக் கேட்டிருந்ததால் டாக்டர் கேமராக் குழாய் விட்டும் பார்த்துவிட்டார். குடல் சுத்தம் என்றார். பிறகு அந்தத் தாளைப் படித்து, போன் விஷயத்தையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பரம்பரையில ஆபத்து இருக்கு, அதனால அப்பப்ப பாத்துக்கணும். கூடப் பிறந்தவங்களும் பாக்கணும். ஆனா இந்தச் சத்தம் வேற. பல்லுக்கு ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்கல்ல, குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவும் அதுல அடிபட்டிருக்கலாம். மிச்சம் பயம். மூளை பதறினா குடலும் பதறும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததுமே அக்காவைக் கூப்பிட்டு எட்டு வாரத்தையும் கொட்டித் தீர்த்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் போன்தான் என் வியாதி! தினமும் ரத்தம் ரத்தம்னு உயிர வாங்கினியே, நான் எப்பவாவது அப்படிச் சொன்னேனா? அந்த நினைப்பு உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் வாய்ச் சண்டையில் ஒருநாளும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ரத்தம் போகுதுடி" என்றாள். "ரெண்டு மாசமா. உனக்கும்னு நீ சொல்லியிருந்தா சேந்து டாக்டர்கிட்ட போயிருக்கலாம்னு பாத்தேன். தனியா போக பயமா இருந்துச்சு."

திரும்ப உள்ளே ஓடினேன். அடுத்த வாரம்தான் நேரம் இருக்கிறது என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"எங்க அப்பா இதுலதான் போனாரு. இப்ப எங்கக்கா..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக் காலை எட்டு மணிக்கு அக்காவை அழைத்துவரச் சொன்னாள்.