குரூப்புக்குப் போன லிங்க்

பெலிண்டாவின் விரல் ஒரு வரி மேலே பட்டுவிட்டது. அவ்வளவுதான். பேராசிரியருக்குப் போக வேண்டிய லிங்க் ரசிகர் குரூப்புக்குப் போய்விட்டது.

மன்னார்புரத்துப் பெண். காலேஜில் ஆராய்ச்சி. ஜனங்கள் போனில் என்ன பாட்டு கேட்கிறார்கள், கேட்டுவிட்டு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கூடவே கிடந்து பார்த்து எழுத வேண்டும். அதற்கு ஒரு பட்டம் கொடுப்பார்களாம். கொடுக்கட்டும். உறையூர் மதுரைவீரன் என்று ஒரு பாடகன், கல்யாண மண்டபத்திலும் யூடியூபிலும் பாடுகிறவன். அவன் ரசிகர் குரூப்பில் இருநூற்றுப் பதினாலு பேர். ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாள்; அதில் கள்ளம் இல்லை. பத்து மாதம் அவர்கள் பேசியது, தனியாகப் போய்ப் பார்த்தபோது சொன்னது, எல்லாம் ஒரே ஃபைல்; குரூப்புக்குப் போனது அதன் லிங்க்தான். பேர்களைக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று உள்ளதை உள்ளபடி எழுதிவைத்திருந்தாள். கடைசி இன்னும் வரவில்லை.

லிங்க் போய் இருபது நிமிடம் கழித்துத்தான் குரூப்பைப் பார்த்தாள்.

“என்ன மேடம் இது, கல்யாணப் பத்திரிகையா? ஒரு வார்த்தை சொல்லலயே!”

“டேய், உள்ள என் பேரு இருக்குடா! மூக்கால பாடுவார்னு போட்டிருக்கு!”

“உண்மையத்தானடா போட்டிருக்காங்க.”

வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதற்கும் கீழே முகப்படம் இல்லாத ஒரு நம்பர். பத்து மாதத்தில் வாயே திறக்காத நம்பர். “நன்றி” என்று ஒரே வார்த்தை போட்டிருந்தது.

பெலிண்டா லிங்க்கை அழித்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஆள் படித்தால், பேருக்குப் பதில் ஒரு மிருகப் படம் மேலே தெரியும். ஓரத்தில் ஒரு நரி இருந்தது. ஃபைலைப் பூட்டினாள். நரி போய்விட்டது. போனது சரி, எதைப் படித்துவிட்டுப் போனது?

அந்த ஃபைலில் பிரேமலதா இருந்தாள். துறையூர்ப் பக்கத்துப் பெண். அடிக்கிற புருஷனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடிவந்து இரண்டு வருஷம். புது நம்பர், புது வேலை. மதுரைவீரன் பாட்டை மட்டும் விட முடியவில்லை. “எங்க வீட்டுக்காரரும் இந்தப் பாட்டுன்னா உசுரை விடுவாரு மேடம். எந்த குரூப்புல எந்த நம்பர்ல இருக்காரோ! அதனால நான் வாயத் தொறக்க மாட்டேன், கேக்க மட்டும்தான்” என்று சொல்லியிருந்தாள். அதையும் பெலிண்டா எழுதியிருந்தாள். எங்கே உட்கார்ந்து சொன்னாள் என்பதையும்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

காவிரிப் பாலத்தில் ஒரு லாரி படுத்துவிட்டது. வண்டிகள் நகரவில்லை. துறையூரிலிருந்து வருகிறவனுக்கு இந்தப் பாலமே வேண்டாம். திருவெள்ளறை வழியாக வந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் போதும். ஒரு மணி நேரம். அவள் மணியைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

சித்திரை வீதிப் பூக்கடையில் பிரேமலதா துளசி கட்டிக்கொண்டிருந்தாள். போன் பூக்கூடைக்கு அடியில் கிடந்தது.

“வாங்க மேடம். என்ன இப்படி வேர்த்திருக்கு?”

பெலிண்டா ஒளிக்காமல் சொன்னாள். பிரேமலதா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“கடை பேரு போட்டிருக்கீங்களா?”

“ஆமாக்கா.”

“மகா படிக்கிற ஸ்கூலு?”

பெலிண்டா தலையாட்டினாள். மகள் மகாலட்சுமி, நாலாம் வகுப்பு, மூன்றே முக்காலுக்குப் போய்க் கூட்டிவருவாள், போகும்போதும் காதில் பாட்டு என்று எழுதியிருந்தாள். எந்த நேரத்தில் பாட்டு கேட்கிறார்கள் என்பது ஆராய்ச்சிக்கு வேண்டுமாம்.

“நேரமும் போட்டிருக்கேன்க்கா.”

கட்டிய சரத்தை அப்படியே போட்டுவிட்டு பிரேமலதா எழுந்தாள். மணி மூன்றரை.

ஸ்கூல் வாசலில் ஆட்டோக்களும் ஆட்களும். பெலிண்டா ஒவ்வொரு மீசையாகப் பார்த்தாள். அவன் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. என்ன பாட்டு கேட்பான் என்பது மட்டும் தெரியும். ஒரு ஆட்டோவில் திடீரென்று மதுரைவீரன் குரல் கிளம்பியது. பிரேமலதா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ஆட்டோவிலிருந்து ஒரு கிழவர் தலையை நீட்டி வெற்றிலையைத் துப்பினார்.

மணி அடித்தது. மகா வந்தாள். பிரேமலதா அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் குழந்தை முகம் சுளித்தது.

“மகளிர் ஸ்டேஷனுக்குப் போலாம்க்கா, நானும் வரேன். கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல தங்கிக்குங்க.”

“உங்க வீட்டு அட்ரஸையும் எதுலயாவது எழுதி வெச்சிருப்பீங்க மேடம்.”

எழுதியிருந்தாள். முதல் பக்கத்திலேயே.

பிரேமலதா போனை அணைத்து இடுப்பில் செருகினாள். “அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. சுவத்தைப் பாத்து.”

“அக்கா, நான் வேணும்னு...”

“தெரியும். நல்லவங்கதான் நீங்க. திரும்புங்க. நாங்க எந்தப் பக்கம் போறோம்னு உங்களுக்குத் தெரிய வேணாம்.”

பெலிண்டா திரும்பினாள். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பின்னால், “எங்கம்மா போறோம்? ஹோம்வொர்க் நோட்டு வீட்டுல இருக்கு” என்று குழந்தை கேட்டது. பதில் காதில் விழவில்லை. அப்புறம் குழந்தையின் குரலும் விழவில்லை.

வாட்ச்மேன் வந்து, “யாரும்மா நீ, கேட்டைப் பூட்டணும்” என்று சொல்கிறவரை அவள் திரும்பவில்லை.