எஃப் என்று முடியும் எண்

பொட்டலத்தின் மேல் காலாவதித் தேதி மார்ச் பதினான்கு. கம்ப்யூட்டர் அடம்பிடிக்காமல் இருக்க தைவானில் அதன் தலையில் வைக்கும் பச்சைப் பொட்டலம், தேங்காய்ச் சுவை சோளப்பொரி. யூ-ஹெங் வைத்தது. அவன் பிப்ரவரியில் இறந்தான்.

ஏப்ரலில் அவன் அம்மா வீடியோக்களைப் பார்க்க வேண்டும் என்றாள். அவன் சிரிப்பது அவற்றில்தான் இருந்தது. அப்பா லியாவ் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. தேதி தாண்டிய பொட்டலம் பலிக்காது என்று புதுப் பொட்டலம் வாங்கி வைத்து மறுபடி அழுத்தினார். கறுப்பு.

சனிக்கிழமை காலை பெட்டியைத் தன் டாக்சியின் பின்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த குவாங்ஹுவா சந்தைக்கு ஓட்டினார்.

கடைக்காரி பி-யுன் பொட்டலத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"தேதி சரியாத்தான் இருக்கு. அப்போ சாமி குத்தம் இல்ல மாமா."

"மிஷின் செத்துடுச்சாம்மா?"

"இருங்க. அதுக்குள்ள சாகடிக்காதீங்க."

உள்ளே இருந்த விசிறியைக் கழற்றினாள். அதன் அடியில் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பசையைத் துடைத்தாள். ப்ராசஸரின் முதுகில் எண் தெரிந்தது: 12400F.

"பன்னெண்டுன்னா பன்னெண்டாவது தலைமுறை. நானூறு நடுத்தரம். எழுநூறு, தொள்ளாயிரம்னா உசத்தி. கடைசில எஃப் இருக்கு பாருங்க, அதான் விஷயம். இது தானா படம் காட்டாது. தனியா கார்டு வேணும்."

"முன்னாடி காட்டுச்சே."

"கார்டு இருந்திருக்கும். இதோ, இந்த இடம் காலி. தூசிகூட இல்ல. யாரோ கழட்டிட்டாங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு நண்பன் வந்தான். தன் பொருள் ஒன்று யூ-ஹெங்கிடம் இருக்கிறது என்றான். லியாவ் அறையைக் காட்டினார். அவன் வெளியே வரும்வரை வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடைசி எழுத்தைப் படிக்காம வாங்கிட்டு இங்க வந்து சண்டை போடறவங்கதான் ஜாஸ்தி. யாரு வாங்கினது இது?"

"என் பையன்."

"தெரிஞ்சு வாங்கியிருக்கான். கெட்டிக்காரன்."

"ஆமா."

பி-யுன் பழைய கார்டு ஒன்றைச் சொருகி, வயரை அதில் மாட்டினாள். பசை தடவி விசிறியைத் திருகினாள். அழுத்தினாள். திரை வெளுத்தது. யூ-ஹெங்கின் பெயர் வந்தது. அதன் கீழே ஒரு காலிக் கட்டம்.

"உயிர் வந்துடுச்சு பாத்தீங்களா! பாஸ்வேர்டு கேக்குது மாமா."

லியாவ் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதா? அதுக்கென்ன, பையனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."