தேவலைங்க

ஈர வேட்டியோடு கிருபாசங்கர் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். மழித்த தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டீவி மேசை, சாமி அலமாரி, அப்பாவின் கட்டிலுக்கடி என்று எங்கும் சாவி இல்லை. எப்படி இருக்கும்? அது அவன் அக்கா லோகப்பிரியாவின் கைக்குள் இருந்தது.

"அக்கா, சாவியப் பாத்தீங்களா? அப்பாவ எரிச்சுப்போட்டு வந்த கையோட கோயமுத்தூர் போறேன். அந்த டாக்டரம்மாவ நாலு கேள்வி கேக்காம உட மாட்டேன். வவுத்துல இருந்த கேன்சர் கட்டிய எடுத்தாச்சு, ஆபரேசன் நல்லா முடிஞ்சுதுன்னாங்க. எட்டே நாள்ல போயிட்டாரு."

பெங்களூரிலிருந்து நேற்றுத்தான் வந்தவன். நடந்தது அவனுக்குத் தெரியாது. பந்தலில் இருந்த சொந்தக்காரர்களும் காலையிலிருந்து ஆஸ்பத்திரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டு லோகப்பிரியாவுக்கு வசதியாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

ஆபரேசன் முடிந்த ஐந்தாம் நாள், டாக்டர் இளவேனில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து நின்றாள்.

"உள்ள அழற்சி இருந்தா ஏறற சி.ஆர்.பி. நூத்தித் தொண்ணூறுங்க. மூணாம் நாள் நூத்தி அறுபது. இந்நேரம் எறங்கியிருக்கோணும், ஏறிட்டே இருக்குது. உள்ள தையல் போட்ட எடத்துல கசிவு இருந்தா இப்படிக் காட்டும். ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம். இன்னைக்கு டிஸ்சார்ஜ் வேண்டாங்க."

அப்பா காளிச்சாமி கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை. டாக்டர் அவர் வயிற்றை அழுத்தி, "வலிக்குதுங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"தேவலைங்க."

"இங்க?"

"நல்லா இருக்குதுங்க. உங்களுக்குத்தான் சிரமம்."

அந்த மனுசன் அப்படித்தான். ஒருமுறை தேள் கொட்டிய கையோடு, வந்த விருந்தாளி எழுந்து கை கழுவும்வரை மூச்சு விடாமல் பரிமாறியவர். அதை லோகப்பிரியா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள்.

"ஐயா சொல்றத உட்டுருங்க, ரத்தம் சொல்றதத்தான் பாக்கோணும்" என்றாள் டாக்டர்.

லோகப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க."

"ஊட்டுக்குப் போலாங் கண்ணு" என்றார் அவரும். அவர்கள் கோழிப்பண்ணைக்குப் புதுக்குஞ்சு இறங்கி மூன்று நாளாகியிருந்தது. அவளுக்கும் போக வேண்டியிருந்தது. எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.

இத்தனைக்கும் அப்பாவும் மகளும் பல்லடத்துப் பக்கம் இருபது வருசமாகக் கோழிப்பண்ணை நடத்துகிறவர்கள். ஒரு கோழிமேல் சந்தேகம் வந்தால் போதும், இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. கோழி வாய் திறந்து சொல்லாதில்ல என்பார் அவர். லேப் சொன்ன எண்ணை இருவரும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வாய் திறந்து சொல்கிற மனிதர் என்று, ஐயோ, அவரைப்போய் நம்பினாளே.

மறுநாளே வேர்த்து விறுவிறுத்துச் சரிந்தார். திரும்பக் காரில் கொண்டுபோகும்போது அவள் மடியில் தலை வைத்திருந்தார்.

"எப்பருந்துப்பா வலி?"

"மூணாம் நாளே இருந்துச்சு கண்ணு. நர்சுப் புள்ளைங்க ரெண்டே பேரு. பாவம், எதுக்குத் தொந்தரவுன்னு..."

கசிவுதான். மறுபடியும் வயிற்றைத் திறந்து கழுவினார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

"கிருபா, உக்காரு" என்றாள் லோகப்பிரியா.

அவன் உட்காரவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள்.

"டாக்டர் போக வேண்டாம்னுதான் சொன்னாங்க. ரத்தத்துல தெரியுது, ஸ்கேன் எடுக்கோணும்னாங்க. நாந்தான் கேக்கல. கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன். அந்தப் புள்ளை மேல தப்பில்ல. கேக்கறதுன்னா என்னையக் கேளு."

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. பண்ணை சூப்பர்வைசர் ஷாநவாஸ்.

"அக்கா, இன்னைக்குக் கூப்பிடக்கூடாதுதானுங்க. ரெண்டாவது ஷெட்டுல குஞ்சுக சத்தம் கம்மியா இருக்குதுங்க."

"தீனி எடுக்குதா?"

"நல்லா எடுக்குதுங்க. தண்ணியும் குடிக்குது. பாத்தா ஒண்ணும் தெரியல. நாளைக்கு வரைக்கும் பாக்கலாங்களா?"

அவள் அப்பாவின் கட்டிலைப் பார்த்தாள்.

"அக்கா?"

"தீனி எடுத்தா எடுக்கட்டும். நீங்க இப்பவே ரத்தம் எடுத்து வைங்க. லேபுக்குக் கொண்டுபோக யாரையாச்சும் அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கிருபாசங்கர் வாசலைத் தாண்டியிருந்தான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வீதி முனையில் இடப்பக்கம் போனால் கோயமுத்தூர், வலப்பக்கம் பண்ணை. அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கார் முனையில் நின்று, வலப்பக்கம் திரும்பியது.