எழுதியவர் பெயர் போடாத பக்கம்

மூன்றாவது முறையாகச் சேமித்த பத்தியையும் காணவில்லை. வெண்மதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடக்கும் மாலைக் கணினி வகுப்பில், இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரவர் ஊர்ப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் தன் ஊரான தளவானூரின் குடைவரைக் கோயிலை எடுத்துக்கொண்டாள். தப்பு வரக்கூடாதென்று முதலில் அங்கிருந்த தகவல் பலகையைப் போட்டோ எடுத்து, ஒரு புள்ளி விடாமல் அப்படியே தட்டினாள். 'நகல்' என்று யாரோ தூக்கிவிட்டார்கள். சொந்தமாக எழுதினாள். 'சான்று இல்லை' என்று அதுவும் போனது. நூலகத்தில் புத்தகம் தேடி, அடிக்குறிப்பு போட்டுச் சேமித்தாள். இப்போது இதற்கும் என்ன வந்தது? தனக்குத்தான் மூளை இல்லையோ?

பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அன்புமணி எட்டிப் பார்த்தான்.

"அடியில இன்னா இது, 'கோ. வெண்மதி, தளவானூர்'னு? கல்யாணப் பத்திரிகையா? கட்டுரைல எழுதுனவங்க பேரு போடக் கூடாது."

"பேரு இல்லன்னா எங்க நைனா இன்னாத்தக் காட்டுவாரு?"

அப்பா கோவிந்தசாமி டீக்கடைச் செல்லப்பனிடம் சவால் விட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை நெட்டில் மகள் பெயரைக் காட்டுகிறேன் என்று.

பெயரை எடுத்துவிட்டு மறுபடி சேமித்தாள். பத்தி நின்றது.

ஞாயிறு காலை, டீக்கடையில் செல்லப்பன் அவள் போனை வாங்கிச் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்று பார்த்த வெண்மதிக்குத் திக்கென்றது. அடிக்குறிப்பில் அடைப்புக்குறி ஒன்றை மூடாமல் விட்டிருந்தாள். அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்குது. உம் பொண்ணு பேரு எங்கப்பா?"

அப்பா அவளைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியதைப் பொறுக்காமல், வேறு வழியின்றி 'வரலாறு' என்ற இடத்தைத் தொட்டாள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அவள் பெயர் வரிசையாக வந்தது. கூடவே முதல் மூன்று முறையும், 'வெண்மதி செய்த மாற்றம் நீக்கப்பட்டது.'

"பாத்தியா, எத்தினி தடவ வந்துருக்குது!" என்றார் அப்பா, போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு.

"யோவ், நீக்கிட்டாங்கன்னு இல்ல போட்டுருக்குது?"

"பேரு இருக்குதா, இல்லியா? அதச் சொல்லு."

வெண்மதி போனுக்குக் கை நீட்டினாள். இன்னொருவர் கண்ணில் படுவதற்குள் அந்த அடைப்புக்குறியை மூட வேண்டும்.

"நைனா, போனக் குடு. அவசரம்."

"இரும்மா, பஸ்ஸுல இருந்து எதிர்வீட்டுப் பெரியதம்பி இறங்குறான். அவனுக்கும் காட்டிட்டுத் தரேன்."