நாலு வழியும் அத்தான் கைக்கு

ஆண்கள் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு தேங்காய் உடைக்கவும் கூட்டம் போடுவார்கள். அந்தப் பங்குனி மாதம் சூரிச் நகரத்து ஓர்லிகோனில் இருந்த எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது அதுதான். சாம்பியாவில் இருக்கும் என் அக்கா யோகாம்பாளுக்குக் காசு அனுப்ப வேண்டும். எந்த வழியால் அனுப்பினால் நட்டம் குறைவு என்று பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் குசினியில் நின்று அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். மூன்றாம் ஞாயிறு எனக்கு வந்த எரிச்சலில் வேண்டுமென்றே சீனி போடாமல் கொடுத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை, குடித்துவிட்டுத் தொடர்ந்து பேசினார்கள்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. என் அண்ணை குகநாதன் சூரிச்சுக்கு வந்து இரண்டு வருடம், நான் வந்து ஒரு வருடம். அண்ணை ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் நின்றேன். அக்கா எங்கள் இருவருக்கும் மூத்தவர். அவரைக் கட்டிய சண்முகநாதன் அத்தான் கணக்கு வாத்தியார். ஊரில் படிப்பித்த பல வாத்திமாரைப் போல அவரும் ஆபிரிக்காவுக்கு ஒப்பந்தத்தில் போய், கிட்வே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அண்ணை சுவிஸுக்கு வர டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அத்தான் என்றால் சாமிப்படத்துக்கு அடுத்த இடம்.

அக்கா எனக்கு எழுதும் கடிதங்கள் பக்கத்து வீட்டு மிஸிஸ் முலெங்கா மூலமாகத்தான் தபாலுக்குப் போகும். தை மாதம் வந்ததில் அக்கா ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி, இரத்தம் நிற்கவில்லை, படியேறினால் தலை சுற்றுகிறது, வெட்டி எடுத்தே ஆகவேண்டும் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டாருக்கு அங்கே கட்டணம் உண்டு. அத்தானிடம் கேட்டால், பெண்களுக்கு இதெல்லாம் வரும் போகும், முதலில் தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்கிறார். காசு அனுப்பினால் என் கையில் கிடைக்கிற மாதிரி அனுப்பு என்று எழுதியிருந்தார்.

இதை நான் அண்ணையிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் பெண்களின் உடம்பைப் பற்றி ஆண்களுக்கு முன்னால் வாய் திறக்கக்கூடாது. பெரியபிள்ளையானது முதல் பிள்ளை பெறுவது வரை எல்லாவற்றுக்கும் ‘சுகமில்லை’ என்ற ஒரே சொல்தான். அதனால் நானும் அக்காவுக்குச் சுகமில்லையாம், காசு வேணுமாம் என்று மட்டும் சொன்னேன். அண்ணை பாவம், உடனே அனுப்பினார். அத்தான் பெயரில் அனுப்பினார். அந்தக் காசு அப்படியே இலங்கைக்குப் போய் அத்தானின் தங்கச்சிக்குச் சீதனமாக மாறியது. அக்கா அதைச் சொல்லி மறுபடி எழுதினார். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. இன்னும் காசு வேணுமாம் என்று மட்டும் அண்ணையிடம் சொன்னேன். அதன் பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மாநாடுகள் தொடங்கின.

வங்கியால் அனுப்புவதுதான் நேர்மையான வழி என்பது அண்ணையின் கட்சி. காசு ஒரு சதமும் தொலையாது, ஆனால் அரசாங்கம் வைத்த விலைக்குத்தான் அங்கே சாம்பியாக் காசான குவாச்சா கிடைக்கும், கடைத்தெருவில் போகிற விலையில் அது பாதிகூட இல்லை. தபால்கந்தோரால் அனுப்பலாம், அதற்கும் அதே விலை, அதோடு எப்போது போய்ச் சேரும் என்று கடவுளுக்கே தெரியாது. அண்ணையின் கூட்டாளி தவச்செல்வன் உண்டியலின் ஆள். அவனுடைய மச்சான் லண்டனில் ஒரு குஜராத்திக் கடைக்காரரிடம் பவுணாகக் கட்டினால், அந்தக் கடைக்காரரின் தம்பி கிட்வேயில் கடைத்தெரு விலைக்கே குவாச்சாவாக எண்ணிக் கொடுப்பார். இரட்டிப்புக் காசு என்று தவச்செல்வன் விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். மற்றக் கூட்டாளி இராஜசிங்கம் அண்ணைக்கு இவை எதிலும் நம்பிக்கை இல்லை. அவருடைய மைத்துனரும் சாம்பியாவில் வாத்தியார், லீவில் லண்டன் வந்து நிற்கிறார், சித்திரையில் திரும்பிப் போகிறார். அவர் கையில் டொலராகக் கொடுத்துவிட்டால் தரகும் இல்லை, தாமதமும் இல்லை என்றார்.

மூவரும் கெட்டிக்காரர்கள். சதக்கணக்காகப் பார்த்தார்கள். ஆனால் வாசலில் போய்க் காசை வாங்குவது யார் என்று ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. வங்கியில் கணக்கு அத்தான் பெயரில். தபால்பெட்டித் திறப்பு அத்தானின் சட்டைப்பையில். கிட்வேக் கடைக்காரர் மாஸ்டரான அத்தானைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். இராஜசிங்கம் அண்ணையின் மைத்துனரோ, இன்னொருத்தன் பெண்சாதியின் கையில் காசு கொடுப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனிதர். நாலு வழியும் ஒரே இடத்தில் போய் முட்டின. அங்கே என் அக்கா இரத்தம் சிந்திக்கொண்டு நிற்கிறார், இவர்கள் தரகுக் காசுக்குச் சண்டை பிடிக்கிறார்கள். 

குசினியை விட்டு வெளியே வந்தேன்.

"ஆற்றை பேரிலை அனுப்பப் போறியள்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? அத்தான்ரை பேரிலைதான்," என்றார் அண்ணை.

"தன்ரை கையிலை கிடைக்கவேணும் எண்டு அக்கா எனக்கு எழுதினவ."

இராஜசிங்கம் அண்ணை சிரித்தார். புருஷன் கை, பெண்சாதி கை என்று இரண்டு கை உண்டோ பிள்ளை என்றார். தவச்செல்வனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இருபத்துநாலு வருடமாக என் வாயில் போட்டிருந்த பூட்டு கழன்று விழுந்தது.

"அக்காவுக்குக் கர்ப்பப்பையிலை கட்டி," என்றேன். "மூண்டு மாதமாய் இரத்தம் நிக்கேல்லை. வெட்டி எடுக்காட்டில் செத்துப்போவா. முதல் அனுப்பின காசிலை அத்தான் தன்ரை தங்கச்சிக்குச் சீதனம் குடுத்தவர். இந்தக் காசும் அவற்றை கைக்குப் போனால் அக்கா இல்லை."

தவச்செல்வன் தன் கோப்பைக்குள்ளே பார்த்தான். இராஜசிங்கம் அண்ணை எழும்பி மேல்சட்டையைத் தேடினார். ட்ராமுக்கு நேரமாகிவிட்டதாம். அண்ணை இரண்டு பேரையும் வாசல்வரை போய் அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"பிற ஆம்பிளையளுக்கு முன்னாலை கதைக்கிற கதையே இது?" என்றார்.

"இப்ப கதைக்காட்டில் செத்தவீட்டிலைதான் கதைக்கவேணும்," என்றேன்.

அண்ணையின் முகம் கறுத்துப்போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. அத்தானுக்குப் பயந்தவர், டிக்கெட் காசுக்குக் கடமைப்பட்டவர், ஊர் என்ன சொல்லும் என்று நித்திரையிலும் யோசிப்பவர். இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் எங்கள் பெண்கள் அதிகம் செத்திருக்கிறார்கள். அத்தானுக்கு ஒரு கடிதம் எழுதி விபரம் கேட்போம், அவருடைய மனம் நோகாமல் செய்வோம் என்றார். கடிதம் போய் மறுமொழி வர ஒரு மாதத்துக்கு மேலாகும். அக்காவிடம் அந்த ஒரு மாதம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் கடிதத்தாளைத் தேடத் தொடங்கினார்.

"அப்ப என்ரை சம்பளக் காசைத் தாங்கோ. நானே அனுப்புறன்."

"அது உன்ரை சீதனத்துக்குச் சேக்கிற காசு. அதிலை கை வைக்கேலாது," என்றார் அண்ணை, ஏதோ நான் அவருடைய காசைக் கேட்டதுபோல.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணைதான் பத்திரம் நிரப்பினார், தன் வங்கிக் கணக்கு இலக்கத்தை எழுதினார். எனக்கு அது பிழையாகவே தெரியவில்லை. கலியாணம் ஆகாத தங்கச்சியின் சம்பளம் வேறெங்கே போகும்? ஒரு வருடம் முழுக்க மற்றவர்களின் படுக்கைவிரிப்புகளை உதறி மடித்து உழைத்த காசில் ஒரு பிராங்கை நான் என் கையால் எடுத்ததில்லை. சாம்பியாவில் அக்கா நிற்கிற அதே இடத்தில், இங்கே ஓர்லிகோனில், நானும் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அத்தான் மேல் இருந்த கோபம் அண்ணை மேலும் வந்தது, அதற்குப் பிறகு என் மேலும் வந்தது.

மறுநாள் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்த திரேசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்போது சூரிச்சில் தமிழ்ப் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். குருநகர்க்காரியான திரேசா எனக்கு முன்பே வந்து இங்கத்தைய பாஷையான டொச் படித்தவள். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் பொறுப்பாளரான கன்னியாஸ்திரீ சுவெஸ்டர் வேரேனாவிடம் இழுத்துப் போனாள். அவர்களுடைய சபைக்கு ஆபிரிக்காவில் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன என்பது திரேசாவுக்குத் தெரியும். எனக்கோ நான் யாரிடம் வேலை செய்கிறேன் என்பதே சரியாகத் தெரியாது.

சுவெஸ்டர் வேரேனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடத்தின் பெயரைக் கேட்டார். அக்கா சொன்ன ஆஸ்பத்திரி அவர்களுடைய சபையினது இல்லை, ஆனால் தலைநகர் லுசாக்காவில் இருக்கும் தங்கள் ஆட்களுக்கு அதோடு கொடுக்கல் வாங்கல் உண்டு என்றார். இங்கே தாய்மடத்தில் காசைக் கட்டினால் அங்கே ஆஸ்பத்திரிக் கணக்கில் நேரே சேர்ந்துவிடும். நோயாளியோ நோயாளியின் வீட்டுக்காரரோ காசைக் கண்ணாலும் காணத் தேவையில்லை. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டார். யோகாம்பாள் என்றேன். வயதைக் கேட்டார், சொன்னேன். அடுத்து புருஷனின் பெயரைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார். நான் அந்த மேசைக்கு முன்னால் நின்று அழுதுவிட்டேன், நன்றியில் இல்லை, ஆத்திரத்தில்தான். இவ்வளவு சுலபமான ஒரு கேள்வியை என் சொந்தச் சனத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

தகவலை உடனே அனுப்பலாம், காசை மாதாமாதம் சம்பளத்தில் கட்டினால் போதும் என்றார் சுவெஸ்டர். திரேசா என் காதுக்குள் கேட்டாள்.

"சம்பளம் உன்ரை கைக்கோடி வருது?"

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ட்ராம் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்த வங்கிக்குப் போனோம். என் அனுமதி அட்டையைப் பார்த்தார்கள், கையெழுத்துக் கேட்டார்கள். அண்ணையின் சம்மதம் வேண்டாமா என்று கேட்டுப்பார் என்று திரேசாவிடம் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை, திரேசா இரண்டாம் தரமும் கேட்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் இல்லத்தின் கந்தோரில் என் பெயரில் திறந்த புதிய கணக்கின் இலக்கத்தைக் கொடுத்தேன். மிஸிஸ் முலெங்காவுக்குத் தந்தி அடித்தேன். காசு கட்டியாகிவிட்டது, அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று.

அவர் கூட்டிக்கொண்டு போனார். அரைநாள் பஸ் பயணம். அத்தான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து இரண்டு பெண்களும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். சித்திரை பிறந்து சில நாளில் சுவெஸ்டர் வேரேனா இஸ்திரி மேசைக்கு வந்து சொன்னார். வெட்டி எடுத்துவிட்டார்கள், குழந்தையின் தலையளவு கட்டி, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது. இரத்தம் நிறைய ஏற்ற வேண்டியிருந்ததாம். கொடுத்தது மிஸிஸ் முலெங்காவின் தம்பி. என் அக்காவுக்கும் ஒரு தம்பி இருந்தார், அவர் அத்தானுக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். காசு எப்படிப் போனது, ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனது, இரத்தம் யார் கொடுத்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அண்ணை கட்டிலில் இருந்து அழுதார். அது நடிப்பில்லை, உண்மையாகவே குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கோபம் கொஞ்சம் இறங்கியது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார், முகத்தைத் துடைத்தார்.

கேட்காமல் செய்ததில் அத்தானுக்கு மனம் நொந்திருக்கும், கைச்செலவுக்கென்று அவருக்குக் கொஞ்சம் அனுப்பிவிடுவோம் என்றார். இராஜசிங்கம் அண்ணையின் மைத்துனர் இன்னும் லண்டனில்தான் நிற்கிறார், ஆனால் உண்டியல் இலாபமா என்று தவச்செல்வனையும் ஒருக்கால் கேட்க வேண்டும் என்றார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராக என்னைப் பார்த்தார்.

"உன்ரை சம்பளம் இந்த மாதம் இன்னும் கணக்குக்கு வரேல்லை. ஏன் எண்டு வேலையிடத்திலை ஒருக்காக் கேள்."

"வந்திட்டுது. என்ரை கணக்குக்கு வந்திட்டுது. இனி அங்கைதான் வரும்."

அண்ணை எழும்பி நின்றார்.

"ஆரைக் கேட்டுச் செய்தனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை," என்றேன். "கேட்டிருந்தால் அக்கா செத்திருப்பா."