அந்தச் சட்டை உள்ளே போகாது

தெருவில் அவளுக்கு மிளகாய் என்று பேர். சும்மா வைக்கவில்லை. அப்பேர்ப்பட்டவள், புருஷன் தீக்காயத்தோடு படுத்ததிலிருந்து வாயைக் கட்டிப்போட்டிருந்தாள் என்றால் அதற்குக் காரணம் ஃபாக்டரி மேனேஜர்தான்.

முதுகில் ஒட்டவைத்த தோல் சரியாகப் பிடிக்கவில்லை, ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆக்ஸிஜன் அறையில் படுக்கவைத்துப் பார்ப்போம், அதற்கும் கேட்காவிட்டால் தொடையிலிருந்து மறுபடி தோல் எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செலவை ஃபாக்டரி ஏற்றிருந்தது. மேனேஜர் முகம் கோணினால் நாளைக்கே நின்றுபோகும். அந்த ஆள் வந்து பல்லைக் காட்டும்போதெல்லாம் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் வைத்தாள்.

புருஷன் வாயில்லாப்பூச்சி. அலுமினியம் உருக்கும் உலைக்கு முன்னால் வருஷக்கணக்காக நின்றவன், வீட்டுக்கு வந்து சூடு என்றுகூடச் சொன்னதில்லை.

அறை என்று பேர்தானே தவிர, அது ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற கண்ணாடிக் குழாய். கதவைப் பூட்டி, உள்ளே ஆக்ஸிஜனை அழுத்தி நிரப்புவார்கள். ஒரு தடவை உள்ளே போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை பேச்செல்லாம் மைக், ஸ்பீக்கர் வழியாகத்தான். ஒரு பொறி விழுந்தால் தீர்ந்தது கதை. அதனால் அதை இயக்கும் ஆபரேட்டர் அம்மா தினமும் அவனைத் தலையிலிருந்து கால்வரை சோதிப்பாள். எண்ணெய் கூடாது, போன் கூடாது, ஆஸ்பத்திரி கொடுக்கும் பருத்தி அங்கி மட்டும்.

அன்றைக்கு அங்கியின் கழுத்தோரம் நீலமாக ஏதோ எட்டிப்பார்த்தது. இழுத்துப் பார்த்தால் கம்பெனி சட்டை. புத்தம் புதுசு. மருந்து வாங்க மிளகாய் வெளியே போன நேரம் பார்த்து மேனேஜர் வந்து, கட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டிருக்கிறார். அவன் குழாய்க்குள் படுத்ததும் அங்கியை விலக்கச் சொல்லி, கம்பெனி முத்திரை தெரிய ஒரு போட்டோ எடுத்து ஃபாக்டரி வாசலில் மாட்ட வேண்டுமாம், எங்கள் ஆட்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று. இந்த மனுஷனும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஒரு போட்டோதானே, என்ன வந்துவிடும் என்று மேனேஜர் சிரித்தார். ஆபரேட்டர் அம்மா சிரிக்கவில்லை.

"இது பாலியஸ்டர் சார். தீப்பிடிச்சா உருகித் தோல்ல ஒட்டிக்கும். உள்ள போகாது."

மிளகாய்க்கு உச்சிவரைக்கும் ஏறியது. உலையில் தீப்பட்டு வந்த முதல் நாள் அவன் முதுகிலிருந்து நர்சுகள் உரித்து எடுத்தது இதே நீலம்தான். கதவுக்கு வெளியே நின்று அவன் அலறலைக் கேட்டவள் அவள்.

முதலில் புருஷனைப் பிடித்தாள். அறிவிருக்கா, மூளையை அடகு வச்சிட்டீங்களா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். வேலை போயிடும்னு பயந்தேன் என்று முனகினான். திட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றினாள். வாய்தான் பறந்தது, விரல்கள் காயத்தில் படாமல் மெதுவாகத்தான் போயின.

அவனை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டியதும் மேனேஜர் பக்கம் திரும்பினாள். அவர் முந்திக்கொண்டார். இப்படி நன்றியில்லாமல் நடந்தால் நாளையிலிருந்து இதெல்லாம் தேவையா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்றார், ரொம்ப மெதுவாக. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாழாய்ப்போன அந்த முதுகுக்காக மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, எல்லாம் ஆத்திரம்.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது, குழாய்க்குள்ளிருந்து அவன் குரல்.

"சார், நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க. உலைகிட்ட என்னோட ஆளுங்க இன்னும் அதே சட்டையோட நிக்கிறாங்க. முதல்ல அவங்களுக்குப் பருத்தி குடுங்க."

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அதை ஆஃப் பண்ணுங்கள் என்றார் மேனேஜர். ஆள் உள்ளே இருக்கும்வரை அதை அணைக்கக் கூடாது என்றாள் ஆபரேட்டர் அம்மா. அப்படியானால் வெளியே எடுங்கள் என்றார். நினைத்த மாத்திரத்தில் எடுக்க முடியாது, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கணும் என்றாள்.

மேனேஜர் கிளம்பப் பார்த்தார். மிளகாய் அவர் கையில் அந்த நீலச் சட்டையைத் திணித்துவிட்டு, மைக்கருகே குனிந்தாள்.

"சொல்லுங்க. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."