வெளியே பூட்டிய கதவு

ஊரைவிட்டு ஓடிவந்த நாங்கள் எங்கள் கதைகளையே நாடகமாகப் போடுகிறோம். எங்கள் குழுவில் ஒரு விதி: யாரும் தன் கதையில் தானே நடிக்கக் கூடாது. தாங்க மாட்டோமாம். அதனால் தையற்காரம்மா கடல் கடந்து வந்த கதையில் நான் நடித்தேன். எங்கள் வீட்டுக் கதை பேக்கரிக்காரருக்குப் போனது. வாரமெல்லாம் ஆஸ்பத்திரித் துணியை வெளுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அடுத்தவள் அழுகையை அழுவதென்றால் சும்மாவா? எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் கதை சின்னதுதான். ஊரைவிட்டு ஓடிய அன்று மாமனாரால் நடக்க முடியவில்லை. "வெளிய பூட்டிட்டுப் போங்க. பூட்டைப் பார்த்தா ஆள் இல்லைன்னு போயிடுவாங்க" என்றார். என் கணவர்தான் பூட்டினார். எங்களைத் தேடி வந்தவர்கள் பூட்டையெல்லாம் பார்க்கவில்லை, வீட்டுக்கே தீ வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இந்த மனிதர் எந்தக் கதவையும் பூட்டுவதில்லை. இங்கேயும் எங்கள் வீடு சத்திரம் மாதிரி திறந்தே கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை.

நாடகம் பார்க்க அவரை இழுத்துவந்தது நான்தான். இந்தப் பாரத்தை இனியும் ஒருத்தியாகச் சுமக்க என்னால் முடியாது. பார்த்தாலாவது அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன்.

மேடையில் பேக்கரிக்காரர் பூட்டைப் பூட்டினார். பலகைக் கதவுக்குப் பின்னால், மாமனாராக நடித்த முடிதிருத்துபவர் உள்ளேயிருந்து தடதடவென்று தட்டினார். எல்லாம் டைரக்டரின் வேலை. தட்டினால்தான் சனம் உருகுமாம்.

"அவர் தட்டல!"

என் கணவர் எழுந்து நின்றிருந்தார். "தட்டவே இல்ல. சீக்கிரம் போடான்னுதான் சொன்னாரு."

யாரும் தடுப்பதற்குள் மேடையேறிவிட்டார். பேக்கரிக்காரர் கையிலிருந்து சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார். முடிதிருத்துபவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதற்கு வசனம் கிடையாதே. மெல்ல வெளியே வந்து, என் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "போலாமாப்பா?" என்றார்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. இதுவும் நாடகம் என்றே நினைத்துவிட்டார்கள். நான் திரை ஓரத்தில் நின்று அழுதேன்.

முடிந்ததும் டைரக்டர் ஓடிவந்தார். "அண்ணே, பிரமாதம்! அடுத்த வாரமும் வந்துடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் விதி என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்தேன். என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ரொம்பக் களைத்திருந்தார்.

"நாந்தான் திறப்பேன்னா வர்றேன்" என்றார்.